ஒரே ஒரு பிள்ளை இருந்த வரிசை

ஜூன் 9

சின்ன டீச்சருக்கு,

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடக் கூட்டம் நடந்த அன்றைக்கு அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். கிழவிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று பிற்பாடு யாரும் சொல்லக்கூடாது.

மேடையில் கல்வி அதிகாரி. அவர் பக்கத்தில் பெரிய டீச்சர். மெஷினை வைத்துச் சுவரில் கட்டம் கட்டமாக எழுத்தைக் காட்டிய கண்ணாடிக்காரர். முதல் வரிசையில் மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, தபால் ஆபீஸ்காரர், வேறு இரண்டு டீச்சர்கள். அந்த வரிசையின் கடைசி நாற்காலியில் நீங்கள். உங்கள் காலடியில், மடியில் தண்ணீர் ஜாடியை வைத்துக்கொண்டு என் பேத்தி எறும்பு. நடுவில் மேல்தெருக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் தரையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். நாற்காலி போதாததால் கதவோரம் நின்றவர்கள் இறால் கம்பெனி லைன் வீட்டுக்காரர்கள்: தையல்காரி, ஐஸ் உடைக்கிறவர், அவர் மாமியார், நான். வாசலில் வாட்ச்மேன்.

நீங்கள் அனுப்பிய கலர் பென்சில் பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை. அவள் கண்ணிலும் காட்டவில்லை.

அதிகாரி என்ன சொன்னார் என்பதில் பாதி எனக்குப் புரியவில்லை. மூன்றாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. ஆனால் சொன்னது எல்லாம் காதில் இருக்கிறது. முன்பு இந்தப் பள்ளியில் மேல்தெருப் பிள்ளைகள் பாதிக்கு மேல் என்றார். இப்போது லைன் வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல் என்றார். தேர்ச்சி இறங்கிவிட்டது என்றார். அப்பா கூலி வேலை செய்யும் பிள்ளைகள் இத்தனை, அவர்களில் தேறியது இத்தனை என்று வரிசை வரிசையாக வாசித்தார். கடைசி வரிசைக்கு வந்தார்.

"தாய் தகப்பன் ரெண்டு பேரும் கூட இல்லாத பிள்ளைகள். ஒரு மாணவி. தேர்ச்சி பூஜ்ஜியம்."

பிறகு அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த ஒரு குழந்தை யாரும்மா? இங்க இருக்கா?" என்று கேட்டார். நல்லவிதமாகத்தான் கேட்டார். அதை நான் மறுக்கவில்லை.

என் எறும்பு ஜாடியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். "உள்ளேன் ஐயா" என்றாள்.

முன்னால் என் பேத்தி எழுந்து நிற்கிறாள். அதிகாரியே கேட்டு எழுப்பியிருக்கிறார். பரிசு என்று நினைத்து நான் கை தட்டினேன். என் கை ஒன்றுதான் தட்டியது. அது பொறுக்காமல் வாட்ச்மேனும் இரண்டு தட்டுத் தட்டினார். மருந்துக்கடைக்காரர் மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

அதிகாரி மேலே வாசித்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் முடியும் வரைக்கும் உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முதல் நாளோடு சரி, அப்புறம் அவள் போகவில்லை. அந்த வரிசையை யார் போட்டது? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

எறும்பின் பாட்டி


ஜூன் 21

மதிப்பிற்குரிய பாட்டிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

தாங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்த வரிசையைப் போட்டது நான். அலுவலகத்தில் கேட்ட விவரங்களில் அது கிடையாது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் எறும்பு போன்ற பிள்ளைகள் எங்கேயும் தெரிவதில்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத ஒரு பிள்ளையாவது இருக்கிறது என்று காட்டினால், மாலை நேரத்துக்கு ஒரு உதவி ஆசிரியரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். எண்ணாக எழுதும்போது அது எண்ணாக மட்டும்தான் தெரிந்தது. பெயர் போடவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். ஊருக்கே தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி சபையில் அப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. இங்கே எனக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததற்கும் அதுதான் காரணம்.

தேறாவிட்டாலும் யாரையும் ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்திவைப்பதில்லை. எறும்பை எப்படியாவது ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள். கெட்டிக்காரப் பிள்ளை அவள். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள்,
சின்ன டீச்சர்


ஜூலை 2

டீச்சருக்கு,

என்னைப் பாட்டி என்று எழுதவேண்டாம். எனக்கு ஒரே ஒரு பேத்திதான்.

நல்லது செய்யத்தான் போட்டேன் என்கிறீர்கள். சரி. பொய் என்று நான் சொல்லவில்லை. மத்தியானம் உங்கள் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு வைத்ததும் எனக்குத் தெரியும். மழையில் உங்கள் பச்சைக் குடையில் அவளைக் கூட்டிக்கொண்டு லைன் வீடு வரைக்கும் வந்ததும் தெரியும். என் ஞாபகத்தில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். ஒன்று போய் இன்னொன்றை அழிப்பதில்லை.

ஐஸ் உடைக்கிறவரின் மாமியார், என் மகள் கல்யாணத்தில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று சொன்னாள். அந்த மகள் பெற்ற பிள்ளைதான் எறும்பு. இன்று வரைக்கும் நான் அந்த மாமியார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அடுத்தடுத்த வீடு. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள் என்கிறீர்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் யார்? அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சிரித்த அதே பிள்ளைகள். முதல் நாள் அனுப்பினேன். வாசலிலேயே "முட்டை வந்துட்டா, முட்டை வந்துட்டா" என்றார்களாம். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை என்று லைனே சேர்ந்து எறும்பு என்று பெயர் வைத்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவள் பையை ஆணியில் மாட்டினாள். இன்னும் அங்கேயே தொங்குகிறது.

பகலெல்லாம் லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஐஸ் கிடங்கு நிழலில் டீச்சர் விளையாட்டு விளையாடுகிறாள். நான் கம்பெனியில் இறால் உரித்துவிட்டு வரும்போது நின்று பார்ப்பேன். ஒரு வாண்டு பதில் சொல்ல எழுந்தான். "எந்திரிக்காத. உக்காந்தே சொல்லு" என்றாள். எவர் எழுந்தாலும் அப்படித்தான் சொல்கிறாள்.

அவள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தூர தேசத்தில் யாரோ வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறாள். முன்பெல்லாம் போன் வரும். இப்போது வருவதில்லை. அப்பன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். இதைத்தான் நீங்கள் ஒரு வரிசையில் அடக்கிவிட்டீர்கள்.

எறும்பின் பாட்டி


ஜூலை 18

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் பாட்டி என்று எழுத வேண்டாம் என்றதால் இப்படி எழுதுகிறேன்.

"உக்காந்தே சொல்லு" என்ற இடத்தில் கடிதத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். இங்கே வகுப்பில் நானும் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஒரு யோசனை. நான் இப்போது இருக்கும் பள்ளியில் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் உண்டு. நான் அதே காம்பவுண்டில் ஓர் அறையில் இருக்கிறேன். இங்கே அவளை முட்டை என்று கூப்பிட ஒருவரும் இல்லை. மேல்தெரு, லைன் வீடு என்ற பேச்சும் இல்லை. எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். ஒரு இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

முடிவு உங்களுடையது. என் மேல் இருக்கிற கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவளை மட்டும் அனுப்புங்கள்.

சின்ன டீச்சர்


ஆகஸ்ட் 5

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எறும்பு படித்துக் காட்டினாள். எழுதுவது எப்படியோ வந்துவிடும், அடுத்தவர் கையெழுத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு பொழுது ஆகும் என்று அவளிடமே கொடுத்துவிட்டேன். தப்போ என்னவோ. விடுதி என்ற இடத்தில் குரல் கொஞ்சம் ஏறியது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மூன்றாம் நாள், கஞ்சி குடித்துக்கொண்டே, "அங்க ஒண்ணாங் கிளாஸ் இருக்காம்ல?" என்றாள்.

"இருக்காம். ஒண்ணாங் கிளாசுல போய் நீ என்ன பண்ணப் போற, கிழவி?" என்றேன்.

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவ ஏன் பையத் தொடச்சு வச்சிருக்க?"

சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியுமா என்று தையல்காரி கேட்டாள். "உன் மெஷின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இத்தன வருஷம் இருந்துட்டேன், இத இருக்க மாட்டேனா" என்றேன். ஆனால் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இல்லை.

மேல்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்தது போக, கடைசியில் மருந்துக்கடைக்காரரும் தன் மகனைப் பழைய பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். இனிமேல் அது முழுக்க எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அதை மூடிவிட்டு வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு.

எறும்பை அனுப்புகிறேன். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் பென்சில் பெட்டி இன்னும் உங்களிடம் இருந்தால் மறுபடி அனுப்பிப் பாருங்கள். இந்தத் தடவை திரும்பி வராது.

எறும்பின் பாட்டி


ஆகஸ்ட் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

பென்சில் பெட்டி இத்துடன் வருகிறது. சின்ன ரப்பர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

எனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. விடுதியில் ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். பழைய மதிப்பெண்ணை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். சேருவதற்கு முன்னால் ஒரு சின்ன நுழைவுத் தேர்வு மட்டும் இருக்கும். தமிழும் கணக்கும்தான். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. பயப்படவேண்டாம்.

அன்புடன்,
சின்ன டீச்சர்


ஆகஸ்ட் 24

டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தையும் எறும்புதான் படித்தாள். நுழைவுத் தேர்வு என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"பாட்டி, அது அதிகாரிங்க வந்து வைக்கற பரீட்சையா? எப்படி இருக்கும்? பேனாவுல எழுதணுமா?"

"என்னடி கேள்வி இது. ஏப்ரல்ல அதிகாரிங்க வச்சத எழுதினியே அந்த மாதிரிதான் இருக்கும்."

"நான் எங்க எழுதினேன்."

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் ஒண்ணாங் கிளாசுல இருந்தேன் பாட்டி. அந்த டீச்சர் வரல. சின்னப் பிள்ளைங்களப் பாத்துக்கிட்டேன்."

"நாள் பூராவுமா?"

"ம். ஒருத்தன்கூட அழல."

"யாரு போகச் சொன்னது?"

கெஞ்சினேன், அதட்டினேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்பதோடு சரி. யாரிடம் சொல்லியிருக்கிறாள் என்பதையும் சொல்லவில்லை.

முட்டை முட்டை என்று ஊரே கூப்பிட்டபோதும் இதைச் சொல்லாத பிள்ளை டீச்சர் அது. பத்து வயது.

போகச் சொன்னது நீங்களா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

எறும்பின் பாட்டி


செப்டம்பர் 3

அம்மாவுக்கு,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை.

தேர்ச்சி இன்னும் இறங்கினால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பரீட்சை அன்றைக்கு அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டீச்சர் எங்களிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். எறும்பை வீட்டில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். சந்தோஷமாக இருப்பாள் என்று அங்கே அனுப்பினேன். போனாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அவள் தேறியிருக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கணக்கில் கொஞ்சம் பின்தங்கி இருந்தாள். அவ்வளவுதான்.

வராத பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள் என்று நினைத்தோம். இந்த வருடம் அதையும் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொண்டார்கள். மற்ற வகுப்புகளில் அது கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிட்டது. அவளுடையது கரையவில்லை. ஏனென்றால் அவளுக்கென்று நான் ஒரு வரிசை போட்டிருந்தேன்.

அந்தக் கூடத்தில் நான் ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். என் வேலை போயிருக்கும். பெரிய டீச்சருடையதும் போயிருக்கும். பள்ளியும் போயிருக்கும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா, பிற்பாடு யோசித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. என் கை அவள் பக்கம் போனது. பாதியிலேயே நின்றுவிட்டது.

அம்மா, கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று நான் பேசிக்கொள்கிறேன். தயவுசெய்து அவளை அனுப்புங்கள்.

சின்ன டீச்சர்


மே 3

டீச்சருக்கு,

அதற்கப்புறம் நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடவில்லை. இப்போதும் போட்டிருக்க மாட்டேன். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் மறுபடி கூட்டம் நடந்தது. போய்க் கதவோரம் நின்றேன். அதனால் எழுதுகிறேன்.

அதே அதிகாரி. அதே மெஷின். பள்ளி தப்பித்துவிட்டதாம். தேர்ச்சி ஏறிவிட்டதாம். கடைசி வரிசைக்கு வருவார் என்று நானும் காத்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. கூட்டம் முடிந்து வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அந்த மாதிரிப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடத்துலயே இல்லையாம்க்கா. அதனால அந்த வரிசையத் தூக்கிட்டாங்களாம்" என்றார்.

எறும்பு நவம்பரிலேயே அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களிடம் ஏன் அனுப்பவில்லை என்று நினைப்பீர்கள். என் வீம்பு என்று நினைப்பீர்கள். உங்கள் செப்டம்பர் கடிதத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "போறியாடி டீச்சர்கிட்ட?" என்று அவளையே கேட்டேன். கேட்டேன் டீச்சர். அதில் நான் குறை வைக்கவில்லை.

"வேணாம் பாட்டி. அங்க போனா டீச்சர் தெனமும் என்னப் பாத்து அழுவாங்க" என்றாள்.

அவள் அப்பனின் தங்கை வந்திருந்தாள். அத்தை வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிற்பாடு சேர்த்துவிடலாம் என்றாள். பிற்பாடு என்றால் என்ன என்று இந்த வயதுக்கு எனக்குத் தெரியும். ஆனால் எறும்பு பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு நன்றாக வரும். அதைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே.

பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. போனவாரம் போனில் கேட்டேன். குழந்தை இடுப்பில் இருந்தது போலிருக்கிறது, மூச்சு வாங்கப் பேசினாள். பள்ளிக்கூடச் சாமானில் பென்சில் பெட்டியை மட்டும் கொண்டுபோயிருக்கிறாள். அத்தை பிள்ளைகள் அதில் படம் போடுகிறார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் ஒன்று கேட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். "நான் அன்னைக்குக் கை தட்டினேனே, அது உனக்கு இன்னும் இருக்காடி மனசுல?" என்றேன்.

"இருக்கு பாட்டி" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நீ தட்டுனப்ப மட்டும் நல்லா இருந்துச்சு."

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். நினைத்துப் பார்த்தது போலத்தான் இருந்தது.

அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் நேற்று மறுபடி மனசுக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். அதிகாரியை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மெஷின்காரர் சொன்னதைக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் மனைவி ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்தாள். "நான் சிரிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றாள். அவளைப் பாதி விட்டுவிட்டேன், மீதியைப் பார்க்கலாம். பெரிய டீச்சர் எங்களை என்றைக்கும் மனிதராக நினைத்ததில்லை. நானும் அவரிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்க்காத ஒருவரை மன்னிப்பதில் எனக்கு என்ன கஷ்டம். சிரித்த பிள்ளைகள், பிள்ளைகள். வாட்ச்மேனுக்கு என் ஆயுசில் பாதி.

கை பாதியில் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நானும் பார்த்தேன். கதவோரத்திலிருந்து பார்த்தேன். ஒரு சாண். அந்தத் தோளைத் தொட்டு "உட்காரும்மா" என்று சொல்லியிருந்தால் போதும். பரீட்சை, பள்ளிக்கூடம், வேலை எதையும் சொல்லியிருக்கவேண்டாம். உட்கார் என்ற சொல்லுக்கு எவர் வேலையும் போயிருக்காது. அவளும் அதற்காகத்தான் நின்றாள். என் பக்கம் ஒரு தரம்தான் திரும்பினாள், நான் தட்டியபோது. மற்ற நேரமெல்லாம் அவள் கீழே, தன் பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அந்த நாற்காலிக்காரர் மேல் கோபம் இல்லை. உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அது அவள் குணம். என் குணத்தைத்தான் முன்பே எழுதியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுதவேண்டாம். முதல் வரிசை, கடைசி நாற்காலி. நான் மன்னிக்காமல் சாகப்போவது அந்த ஒருவரை மட்டும்தான்.

சின்ன டீச்சரை.